ஏழு ராத்திரித் துடிப்பு

“என்னைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு டாக்டர்? காய்ச்சல் போயிடுச்சு, இருமல் போயிடுச்சு. காலையில ரெண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியா சாப்பிட்டேன்!”

டாக்டரம்மா நிமிரவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் வளைந்து வளைந்து போகும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பயிற்சி முகாமில் எல்லோரும் ‘பெரியவள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மறுநாள் காலை தேசிய அணிக்கான தேர்வுப் பந்தயம். வயது முப்பதை எட்டப்போகிறது. இதை விட்டால் அப்புறம் பந்தயத்தை டிவியில் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்தா இந்தப் பாழாய்ப்போன வைரஸ் காய்ச்சல் வர வேண்டும்?

முகாமில் ஒரு விதி உண்டு. காய்ச்சல் கண்டவர்கள் ஏழு ராத்திரி, கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். தூக்கத்தில் நாடி எப்படித் துடிக்கிறது என்பது நேராக டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். துடிப்பு பழைய நிலைக்கு இறங்கினால்தான் ஓட அனுமதி. இதில் தில்லுமுல்லு செய்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும்.

கதவைத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெரியவளின் கூடப்பிறந்த தங்கை, ‘சின்னவள்’. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே அறை, ஒரே பந்தயம்.

“டாக்டர், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. இல்லேன்னா அக்கா பேசியே உங்க உயிரை எடுத்துடுவா. அவளுக்கு ஒண்ணும் இல்ல, நான் கியாரண்டி!”

“நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே? போம்மா, போய் ஓடு. நாளைக்கு உனக்கும்தானே பந்தயம்?”

“இன்னும் ஆறு ரவுண்டு பாக்கி!” சிரித்துக்கொண்டே போனாள் சின்னவள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் அவள் ஓடுவது தெரிந்தது.

டாக்டரம்மா திரையைப் பெரியவள் பக்கம் திருப்பினார்.

“இங்க பாரு. முதல் மூணு ராத்திரி துடிப்பு கூடுதலாத்தான் இருந்தது. காய்ச்சல்ல அது சகஜம். நாலாவது ராத்திரியிலேருந்துதான் எனக்குப் பயமா இருக்கு.”

“நாலாவது ராத்திரியிலேருந்தா? அதுக்கப்புறம் நல்லா இருக்கணுமே டாக்டர்!”

“நல்லாவா? சரசரன்னு ஏறுது, திடீர்னு இறங்குது, நடுநடுவுல துடிப்பே விட்டுப்போகுது. இந்த வைரஸ் எல்லாருக்கும் மூக்கோட போயிடாது. சில பேருக்கு இதயத்துல போய் உட்கார்ந்துக்கும். வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. நல்லாத்தானே இருக்கோம்னு தம் பிடிச்சு ஓடுவாங்க, ஓடும்போதே விழுந்துடுவாங்க.”

“ஆனா இப்போ எடுத்த ஈ.சி.ஜி.?”

“அது சுத்தமாத்தான் இருக்கு. எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. ஆனா பத்து செகண்ட் பார்த்த மெஷினை நம்பறதா, ராத்திரி பூரா பார்த்த வாட்ச்சை நம்பறதா? நீ நாளைக்கு ஓடக் கூடாது. ஒரு மூணு மாசத்துக்கு மெதுவா நடந்தாலே போதும். கோபம் வந்தா என்னைத் திட்டிக்கோ, பரவாயில்ல.”

பெரியவள் திட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. கண் கலங்க, ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அழாதேம்மா. உயிர் இருந்தா எத்தனையோ பந்தயம்” என்றார் டாக்டரம்மா.

வெளியே கோச்சின் விசில் கேட்டது. “கடைசி ரவுண்டு! முழு வேகம்!”

நாற்காலி கீழே விழ, பெரியவள் எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

“ஏய், ஓடாதே! உன் இதயம் இருக்கிற நிலைமைக்கு...”

“என்னை விடுங்க டாக்டர், அவளை நிறுத்தச் சொல்லுங்க!” வாசலிலிருந்தே கத்தினாள் பெரியவள். “நாலாவது ராத்திரியிலேருந்து அந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டுத் தூங்கினது என் தங்கச்சி!”