பாப்பா மேல சத்தியம்

"கிளவுஸ் போட்டியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு!"

ஈஸ்வரி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சின்னராசு, கட்டுப் போட்ட வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டுகிற கம்பெனி ஷெட்டில், டிரில்லிங் மெஷின் அவனுடைய இரண்டு விரல்களைக் கொண்டுபோய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"போடலை" என்றான், சுவரைப் பார்த்தபடி.

"அடப்பாவி! கையெல்லாம் காப்பு காச்சிப் போவுதேன்னு ஆரணி பூரா தேடி வாங்கினேனே, மஞ்சா கலர் நூல்ல, நல்லா மொத்தமா! 'வேலை முடியற வரைக்கும் கழட்ட மாட்டேன்'னு காலைலதான பாப்பா தலையில கைய வச்சி சத்தியம் பண்ணே? பெத்த பொண்ணு மேல பண்ண சத்தியம்யா! அவ்ளோ எளக்காரமா பூட்ச்சா உனக்கு?"

பக்கத்துக் கட்டில் பெரியவர் உச்சுக் கொட்டினார். "பொண்டாட்டி பேச்ச எவன் கேக்குறான் இப்ப?"

யாரோ சிரித்தார்கள். சின்னராசுவுக்கு மானமே போயிற்று. அதோடு விட்டதா? அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு வயசு ஸ்நேகா மெல்லக் கேட்டாள்: "ஏன்பா என் மேல பொய் சத்தியம் பண்ணே?"

அவன் கூனிக் குறுகிப் போனான். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"தப்புதான் பாப்பா."

ஈஸ்வரி மூக்கைச் சிந்திக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். அதுவரை கால்மாட்டில் தலைகுனிந்து நின்ற வரதன் கிட்டே வந்தான். கூட வேலை செய்கிறவன். ஆட்டோவில் போட்டுத் தூக்கி வந்தவனும் அவன்தான்.

"இத்தினி பேரு முன்னாடி இன்னாத்துக்குடா திட்டு வாங்கினே? உள்ளத சொல்றதுதானே?"

"சொன்னா அவ தாங்க மாட்டாடா. நீ போய், மெஷின்ல சுத்திக்கினு கீற மஞ்சா நூல மொதல்ல அறுத்துக் கடாசிடு."

வரதன் தலையில் அடித்துக்கொண்டான். "சுத்துற மெஷினுக்குக் கிளவுஸ் ஆவாது, சிக்கினா கையோட இழுத்துடும், கழட்டுடா கழட்டுடான்னு எத்தினி வாட்டி கத்தினேன்! கேட்டியா?"

"எப்டிடா கழட்டுவேன்? பாப்பா மேல சத்தியம் பண்ணிட்டு வந்தேனே!"