குழியானையின் உதறல்

அரிசி ஆலையின் பின்சுவரோரம், புழுதியில் மோவாய் படக் குப்புறப் படுத்திருக்கிறாள் வெல்டர் அக்கா. கண்ணெதிரே புனல் போல ஒரு மணல்குழி. தவறி விழுந்த எறும்பு பதறியடித்து மேலேறுகிறது. அடியில் ஒளிந்திருக்கும் குழியானைப் பூச்சி தலையால் வெடுக்கென்று ஓர் உதறு உதற, சரிவு மொத்தமும் எறும்போடு இறங்கிவிடுகிறது. "உளுந்தத்தனை இருக்கு, இதுக்கு யானைன்னு பேரு!" என்று சிரிக்கிறான் பக்கத்தில் குந்தியிருக்கும் அவள் தம்பி. அவன் இடுப்பில் கயிறு. தவிட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டால் கம்பியோடு உள்ளே இறங்கிக் குத்துவது அவன் வேலை. போன மாதம் சரிந்த தவிடு அவனைக் கழுத்துவரை மூடிவிட்டது. அதற்காகவே தொட்டியின் அடியில் அக்கா காற்றுக்குழாய் பற்றவைத்திருக்கிறாள். காலையிலிருந்து ஊதியும் தவிட்டில் ஓட்டை விழுந்ததே ஒழிய, அடைப்பு அசையவில்லை. "இறங்கட்டுமாக்கா? மேஸ்திரி கத்துறாரு." "கத்தட்டும். நாம மெல்ல ஊதுறோம்டா, அந்தப் பூச்சி ஒரே வெட்டா உதறுது." எழுந்துபோய், காற்றை முழுக்க அடைத்துவைத்து, அழுத்தமானியின் முள் சிவப்புக்கோட்டைத் தொடும்வரை காத்திருந்து, கைப்பிடியை ஒரே இழுப்பில் திறக்கிறாள். தொட்டி அதிர்கிறது. தவிடு திமுதிமுவென்று அடிவாய்வழியே கொட்டுகிறது. அக்கா அதைப் பார்க்கவில்லை. தம்பியின் இடுப்பில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.