வெய்க்கோவுக்கு ஒத்துக்கொள்ளும் ஊர்

"தாய்லாந்து வேணாம்னா வேணாம். அந்தப் பேச்சை விடு, வெய்க்கோ" என்றாள் அவர் மனைவி ரைலி. குளிர்காலத்துக்குப் போக எழுதி வைத்த ஊர்ப் பட்டியலில் இருந்த அந்தப் பெயரைக் குறுக்காக அடித்தாள்.

"ஏன் வேணாம்? நம்ம பெக்கா அஞ்சு வருஷமா போறான். நல்ல வெயில், மீன் பிடிக்கலாம், செலவும் கம்மி."

"பெக்காவுக்கு இங்கிலீஷ் வரும். உனக்கு?"

"எனக்கு எதுக்கு? அதான் நீ பேசுவியே."

ரைலி எழுந்து போய், காபி கொதித்துவிட்டதா என்று பார்த்தாள். அது எப்போதோ கொதித்து, இறக்கிக் குடித்தும் ஆகியிருந்தது.

வெய்க்கோ அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நாற்பது வருடம், பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் கயானியில், நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். மைனஸ் முப்பதிலும் தொப்பியில்லாமல் இறங்கி நின்றவர். ரைலி அவருக்கும் மேலே. உறைந்த ஏரியில் துளை போட்டு முங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு ஓடுகிறவள். அப்படிப்பட்டவள் இந்த அக்டோபரில் திடீரென்று, "வயசாயிடுச்சு. குளிர்காலத்துக்கு எங்கேயாவது இதமான ஊருக்குப் போயிடலாம்" என்றாள்.

செப்டம்பரில் அவருக்கு இருமல் வந்தது. மார்பைப் படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதெல்லாம் எப்போதுமே ரைலியின் வேலை. "சாதாரண சளிதான், ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு போன் வந்தால் சவுனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்றவருக்கு ஒரே ஒரு வரி கேட்டது. "அவருக்கு இன்னும் தெரியாது டாக்டர். நேரம் பார்த்து நானே சொல்றேன்."

அன்றிலிருந்து இருமும் போதெல்லாம் கைக்குட்டையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மாடிப்படி ஏறியதும் நின்று நாடியை எண்ணுகிறார். ரைலியிடம் கேட்கலாம்தான். கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்ற பயத்தில் கேட்கவில்லை.

"சரி, மதெய்ரா தீவு?" என்றார் இப்போது.

"எல்லாம் மேடு. கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும்."

மூச்சு! அந்தச் சொல் அவரை உலுக்கியது.

"அப்ப நீதான் சொல்லேன்."

"ஸ்பெயின்ல ஃபுவென்ஹிரோலா. தெருவுக்குத் தெரு நம்ம ஊர்க்காரங்க. சர்ச்சுல நம்ம மொழியில ஆராதனை. கறுப்பு ரொட்டி கிடைக்கும். நம்ம மொழி பேசற டாக்டரும் இருக்கார்."

"அடேயப்பா! அவ்வளவு தூரம் பறந்து போய் நம்ம ஆளுங்க மூஞ்சியையே பார்க்கணுமா? அதுக்குக் கயானியே போதுமே!"

ரைலி சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர் எதுக்கு?" வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"வயசானவங்களுக்கு டாக்டர் வேணாமா?" என்றாள் சட்டென்று.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை இருவரும் வீடு பிடித்துத் தரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த மின்னா என்ற பெண் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினாள். பால்கனியிலிருந்து கடல் தெரியும் வீட்டை ரைலி திரும்பியும் பார்க்கவில்லை.

"லிஃப்ட் இருக்கா? குளிக்கிற இடத்துல கைப்பிடி இருக்கா? டாக்டர் வீட்டுக்கு எத்தனை நிமிஷ நடை? பக்கத்து வீட்ல நம்ம ஆளுங்க யாராவது வருஷம் பூரா இருக்காங்களா? ஏதாவது ஒண்ணுன்னா கதவைத் தட்டுவாங்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும் வெய்க்கோ நாற்காலியில் சுருங்கிக்கொண்டே போனார். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

"காரை நிறுத்தின நேரத்தைக் காட்டற அட்டையைக் கண்ணாடியில வைக்க மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மணி மூன்று. அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதே தெருவில் எத்தனை ஆயிரம் தடவை பனியைத் தள்ளியிருப்பார்! கேட்டுவிட வேண்டும். எத்தனை மாதம் என்று இன்றைக்கே, அந்தப் பெண் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

திரும்பி வந்தபோது அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரைலி பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கே எழுதிடுங்க. நடுவுல வீடு மாறுற மாதிரி இருக்கக் கூடாது."

"ரெண்டு வருஷமும் ரெண்டு பேர்தானே?" என்று கேட்டாள் மின்னா.

ரைலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இந்தக் குளிர்காலத்துக்கு ரெண்டு பேர். அடுத்த வருஷத்துக்கு... ஒருத்தர்னு போடுங்க."

வெய்க்கோ சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆக, ஒரே ஒரு குளிர்காலம். தெரியாத ஊரில், கடற்கரையில், ரைலி தனியாக நடந்து போவது கண்முன் வந்தது. பாவம், இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நாள் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்?

மின்னாவின் குரல் தணிந்து கேட்டது. "அந்த ரெண்டாவது வருஷம் யார் பேர்ல எழுதட்டும்?"

"வெய்க்கோ பேர்ல எழுதுங்க" என்றாள் ரைலி. "டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறது இந்த ஒரு குளிர்காலம்தான்."