சமபங்கு

அந்தப் புதையல் வேட்டை ஆட்டத்தில், பகடையில் விழும் வெட்டு ஆடுகிறவர் போட்டிருக்கும் மின்சட்டை வழியாக நிஜமாகவே வலிக்கும். மூன்று தோழர்களையும் பின்னால் தள்ளிவிட்டுப் பூதத்தின் கோடரியைத் தன் நெஞ்சில் வாங்கிய இன்னாசி, மேசைமேல் கவிழ்ந்து முனகிக்கொண்டிருந்தான். ஆட்டத்தை நடத்தும் தமயந்திக்கு மனசு கேட்கவில்லை. புதையல் முழுவதையும் அவனுக்கே கொடுத்தாள்.

"இதென்ன ஓரவஞ்சனை?" என்று மூவரும் அவள்மேல் பாய்ந்தார்கள். ஆட்டப் பொறியில் அவள் விரல்ரேகை பட்டால் மட்டுமே வேலைசெய்யும் சமபங்குப் பொத்தானில், அவள் விரலைப் பிடித்து, அது முறியும்வரை வைத்து அழுத்தினார்கள்.

தங்கம் நான்காகப் பிரிந்தது. கூடவே கோடரி வெட்டும் நான்காகப் பிரிந்தது.

இன்னாசி நிமிர்ந்து மூச்சு விட்டான். அதுவரை ஒரு கீறல்கூடப் படாத மூவரும் தரையில் விழுந்து புரண்டார்கள்.

"அக்கா, நிறுத்துங்க! உங்க இஷ்டப்படியே பிரிச்சுக் குடுங்க!" என்று ஒருவன் கதறினான்.

சமபங்கை நீக்க, தமயந்தி வீங்கிய விரலை மறுபடி அதே பொத்தானில் வைத்தாள். அது யாருடைய விரலென்று பொறிக்குத் தெரியவில்லை.