நாற்பத்தேழாம் வீடு

“இந்தப் பொம்பளையை நீ நேர்ல பார்த்தியா, சௌம்யா?”

சுந்தரேசன் இரண்டு கேள்வித்தாள்களை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். ஒன்றில் அறுபது கேள்வி, இன்னொன்றில் பன்னிரண்டு. சாதாரணமாக நடமாடும் ஜனங்களின் மனவேதனையை, நீளத் தாளைப் போலவே குட்டித் தாளும் கண்டுபிடிக்குமா என்பதுதான் ஆய்வு. நீலசந்திரா என்ற பேட்டையில் ஐம்பது வீடு சௌம்யாவின் பொறுப்பு.

“பார்க்காம எப்படி சார் எழுதுவேன்?” என்று சிரித்தாள். அவள் வந்துவிட்டால் அந்த ஆபீசில் சிரிப்புக்குக் குறைவில்லை.

“ஒரு வாரம் விட்டுத்தானே ரெண்டாவது தாளைக் கேட்டே?”

“சரியா ஒரு வாரம் சார். அதே பதில்தான்.”

அதுதான் அவரை உறுத்தியது. மற்ற வீடுகளில் இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் தூக்கமே இல்லை என்றவர்கள் மற்றதில் நிம்மதியாகத் தூங்கினார்கள். நாற்பத்தேழாம் எண் பாகீரதி மட்டும் இரண்டிலும் ஒரே குரலில் பேசினாள். தூக்கமில்லை. தன்னால் யாருக்கும் உபயோகமில்லை. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு, ‘தினமும்’.

அந்த ஒரு சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

“கெளம்பு. அந்தம்மாவை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும்.”

“இன்னிக்கா? வேணாம் சார்... நாளைக்குப் போலாமே.”

“நாளைக்கு அவ இருப்பான்னு என்ன நிச்சயம்?”

அவள் சிரிப்பு நின்றது. இருவரும் ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்குப் போனார்கள்.

நாற்பத்தேழில் பூட்டு தொங்கியது. அவர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அன்னம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“யாரு பேக்கு சார், யாரு வேணும்? பாகீரதியா? அவ ஓசூருக்குப் போயி ஆறு மாசம் ஆச்சே! பூட்டு துருப் பிடிச்சிருக்கு, கண்ணு தெரியலியா?”

கதவு மூடிக்கொண்டது. அவர் கையிலிருந்த தாளில் போன வாரத் தேதி. பூட்டிய வீடென்றால் பட்டியலில் உள்ள பெயருக்கு நேரே ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு வர வேண்டும். கள்ளத்தாள் எழுதினால் வேலை போய்விடும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

“அப்படி ஒருத்தியே இங்க இல்லை! அத்தனை கேள்விக்கும் உட்கார்ந்து பொய் எழுதியிருக்கே. நான் எப்படிப் பதறிப்போய் ஓடி வந்தேன் தெரியுமா?”

சௌம்யா அந்தத் துருப்பிடித்த பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

“பேரும் வீட்டு நம்பரும்தான் சார் பொய்,” என்றாள். “பதிலெல்லாம் என்னோடது.”