மூன்றாம் ரூம் கணக்கு

“தம்பி, உன் சாட்பாட் தண்ணி கிண்ணி அடிச்சிருக்கா? மூணாம் ஐஸ் ரூம்ல எண்ணூத்தி நாப்பது கோடி மீன் பெட்டி இருக்காம். கடல்ல மிச்சம் ஏதாவது இருக்கா, இல்லையா?”

ஸ்டோர்கீப்பர் சொன்னதும் அலுவலகமே சிரித்தது. அந்தப் பாட்டை எழுதியவனும் சிரித்து வைத்தான். இந்த மாதம் பாட் தப்பில்லாமல் ஓடினால்தான் அவன் வேலை நிரந்தரம்.

அவன் அக்கா புருஷன் இதே மீன் கிடங்கில் பெட்டி தூக்குகிறார். தூக்கித்தான் இவனைப் படிக்க வைத்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் மச்சான் செய்த பாட் என்று பீற்றிக்கொள்வார்.

ஐஸ் ரூமுக்குள் சொந்த போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே சுவரில் ஒரு டேப்லெட். எத்தனை பெட்டி என்று பாட் அதில் கேட்கும். எண்ணிவிட்டுப் பதில் தட்ட வேண்டும்.

முதல் வாரம் ஆட்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். மேஸ்திரியைத் திட்டினார்கள். ஒருவர் அதற்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.

பாட் கட்ட அவன் நெட்டிலிருந்து இறக்கிய ரெடிமேட் கோட் லைப்ரரியில் இதற்கும் மருந்து இருந்தது. ஒரே வரி. சேர்த்துவிட்டான். எண் வரும்வரை பாட் வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளாது.

மூணாம் ரூமின் இன்றைய பதிவைத் திறந்தான். பத்து இலக்கம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பாதிக்கு மேல் திரையைப் பார்க்காமலே வந்தது.

அவனுடைய போன் நம்பர்.

அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் இந்தக் கிடங்கில் ஒருவர்தான்.

பதிவை மேலே தள்ளினான்.

9:40. கதவு தெறக்கல.

எண் மட்டும் அனுப்பவும்.

9:43. வெளிய யாராச்சும் இருக்கீங்களா.

எண் மட்டும் அனுப்பவும்.

9:58. மச்சான் நீ பாக்கறியா.

எண் மட்டும் அனுப்பவும்.

10:31. வெரல் மரத்துப்போச்சு.

எண் மட்டும் அனுப்பவும்.

10:50. அந்தப் பத்து இலக்கம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

நாற்காலி உருள, மூணாம் ரூம் மூணாம் ரூம் என்று கத்திக்கொண்டே ஓடினான். ஸ்டோர்கீப்பரின் சிரிப்பு வாயிலேயே நின்றது. ஒன்றும் புரியாமல் குனிந்து திரையைப் பார்த்தார்.

எண் கிடைத்த திருப்தியில் பாட் கடைசியாக ஒரு பதில் அனுப்பியிருந்தது.

நன்றி. கணக்கு முடிந்தது. கதவை நன்றாகச் சாத்திவிட்டுச் செல்லவும்.