நல்வறவு

"ஒரு எழுத்தும்மா, ஒரே ஒரு எழுத்து! மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

திருச்செல்வத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. போனின் மறுமுனையில் பெர்னிஸோ சாவகாசமாக ஏதோ தின்றுகொண்டிருந்தாள்.

"அரை நிமிஷம்ணே."

"அப்புறம் என்ன? மாத்து."

"சனிக்கிழமை போகட்டும்ணே. அப்புறம் பாக்கலாம் லா."

விஷயம் இதுதான். இணையத்தில் செயலி செய்கிறவர்களுக்காக 'தளிர்' என்று ஒரு இலவச ஃப்ரேம்வொர்க். ஒரு கட்டளை தட்டினால் போதும், புதுச் செயலிக்கு வேண்டிய அமைப்புகளையெல்லாம் அதுவே போட்டு, முதல் பக்கத்தோடு கையில் கொடுத்துவிடும். மொழி தமிழ் என்றால் அந்தப் பக்கம் பெரிய எழுத்தில் வரவேற்கும். போன வாரம் வந்த புதுப் பதிப்பில் அந்த வரவேற்பு 'நல்வறவு' என்று இருந்தது.

பெரிய ற!

தானாக வருகிற இந்த அமைப்புகளுக்கெல்லாம் பொறுப்பு, சுபாங் ஜெயாவில் இருக்கும் பெர்னிஸ்தான். உலகத்தில் யார் திருத்தி அனுப்பினாலும் அவள் தலையாட்டினால்தான் உள்ளே போகும். கடவுச்சொல்லுக்குக் குறைந்தது எத்தனை எழுத்து என்பதற்காக ஒரு ஜெர்மன்காரரோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவள். அவளுக்கு இந்த ற மட்டும் கண்ணை உறுத்தவில்லையாம்.

வீட்டில் முக்கால்வாசி ஆங்கிலம் பேசுகிற பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது என்று மனதுக்குள் பொருமினார் திருச்செல்வம்.

அவர் கவலை அவருக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில், கணினி நிரல் எழுதத் தமிழிலேயே சொல்லித்தரும் இலவச வகுப்பை அவர்தான் நடத்துகிறார். இரண்டு முறை ஆரம்பித்தார். இரண்டு முறையும் முதல் நாள் நாற்காலி நிறைந்தது, மறுவாரம் ஈ ஓட்டினார். "இந்தத் தடவையும் ஆள் தங்கலன்னா ரூமை வேற யாருக்காவது குடுத்துடுவோம்" என்று இடம் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறையாக இந்தச் சனிக்கிழமை ஆரம்பம், முதல் பாடமே தளிர். இந்த லட்சணத்தில் வாசலிலேயே எழுத்துப் பிழையா?

சனிக்கிழமை வந்தது. உதவிக்கு பெர்னிஸும் வந்திருந்தாள். எல்லாரையும் கட்டளையைத் தட்டச் சொன்னார் திருச்செல்வம். அத்தனை திரையிலும் 'நல்வறவு' பளிச்சென்று வந்து நின்றது.

"என்ன சார், வறவா? எங்கள வறுத்தெடுக்கப் போறீங்களா?" என்று முன்வரிசையிலிருந்த பக்கிரிசாமி கேட்க, அறையே சிரித்தது.

திருச்செல்வத்துக்கு மானம் போயிற்று. பெர்னிஸை முறைத்தார். அவள் கறிபாப் பலகாரத்தைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீ நேரம். பின்வரிசையில் இருந்த சீதாலெட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவர், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

"கிளம்பிட்டீங்களாக்கா?" என்றாள் பெர்னிஸ்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. எல்லாத்தையும் அதுவே செய்யுது, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்." கதவுவரை போனவர் தயங்கினார். "ஆனா, அந்த மொத வார்த்தை... சின்ன ர தானே வரணும்? பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. யாருகிட்ட சொன்னா மாத்துவாங்க?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம். நீங்களே மாத்துங்க. உக்காருங்கக்கா."

"நானா?"

பெர்னிஸ் பக்கத்தில் நின்று வழி சொன்னாளே தவிர, கீபோர்டைத் தொடவில்லை. சீதாலெட்சுமி முதலில் வேறு எதையோ திறந்தார், பயந்துபோய் மூடினார், பிறகு சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். ற போயிற்று, ர வந்தது. அனுப்பினார். பெர்னிஸ் தன் கணினியில் அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"எல்லாரும் அப்டேட் பண்ணிட்டு, புதுசா ஒண்ணு ஆரம்பிங்க!"

அத்தனை திரையிலும் 'நல்வரவு'.

"இனிமே எந்த ஊர்ல யாரு தமிழ்ல தளிரை ஆரம்பிச்சாலும், நீங்க போட்ட ர தான்கா வரும். திருத்தினவங்க பட்டியல்ல உங்க பேரும் சேந்துடுச்சு."

சீதாலெட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, "அடுத்த வாரமும் இதே நேரந்தானே?" என்று கேட்டார். அதற்குள் பக்கிரிசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தில் பிழை தேட ஆரம்பித்திருந்தார். அவர் பின்னால் நாலு பேர் நின்றார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

திருச்செல்வம் பெர்னிஸை ஓரமாக அழைத்தார்.

"வேணும்னேதான் விட்டு வச்சியா?"

"பதிப்பு வந்த அன்னிக்கே பாத்துட்டேன்ணே. போன ரெண்டு வாட்டியும் எல்லாத்தையும் நாமளே சரியா செஞ்சு குடுத்துட்டோம். வந்தவங்க கை வைக்க ஒண்ணுமே மிச்சம் வைக்கல. டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க."

மனதுக்குள் அவளைத் திட்டியதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம்கூட ஒற்றுப்பிழையைச் சுழித்துக் காட்டாமல் விடாத மனிதர் அவர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் செலாயாங்ல புது வகுப்பு ஆரம்பிக்கிறோம்மா. அங்க எந்த எழுத்தோட காலை ஒடிச்சு வைக்கலாம்?"